காது ஜவ்வு கிழிந்தால் என்ன ஆகும், எப்படி ஆறும்?

"காது ஜவ்வு கிழிஞ்சிருச்சாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், சுற்றியிருப்பவர்களிடமிருந்து மூன்று பதில்கள் வந்துவிடும். இனி அந்தக் காது கேட்காது என்பார் ஒருவர். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர், நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடச் சொல்வார். முதல் இரண்டும் பெரும்பாலும் தவறு. மூன்றாவது ஆபத்து. தானாக ஆறியிருக்க வேண்டிய காயத்தைச் சீழ் பிடிக்க வைப்பது பல சமயம் இந்தக் கைவைத்தியம்தான்.

இரண்டு வேறு நிலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற சிக்கல் இது. காது குத்திய புதிதில் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டால், சில நாட்களில் துளை தூர்ந்துவிடும். அதே துளை வருடக்கணக்கில் பழகிவிட்டால், மாதக்கணக்கில் கம்மல் போடாவிட்டாலும் அப்படியே இருக்கும். காதுக்குள் இருக்கும் ஜவ்விலும் இதேதான் நடக்கிறது. நேற்று விழுந்த கிழிசல் வேறு, பல வருடங்களாக இருக்கும் ஓட்டை வேறு. முதலாவது மூடிக்கொள்ளத் துடிக்கும் காயம். இரண்டாவதில் காயமே இல்லை, அங்கே ஆறி முடிந்த ஓர் ஓரம்தான் இருக்கிறது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஜவ்வு எங்கே இருக்கிறது?

காது மடலிலிருந்து உள்ளே போகும் துவாரம் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம். அதன் கடைசியில் சுவர் போல அடைத்துக்கொண்டிருப்பதுதான் செவிப்பறை. நாம் பேச்சுவழக்கில் காது ஜவ்வு என்பது இதைத்தான். அகலம் 8 முதல் 10 மி.மீ. வரை, கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. ஆரோக்கியமாக இருந்தால் முத்துச் சாம்பல் நிறத்தில், வெளிச்சம் பட்டால் மினுங்கும்.

இவ்வளவு மெல்லியதிலும் 3 அடுக்குகள் இருக்கின்றன. வெளிப்பக்கம் தோல். நமது கையில் இருப்பது போன்ற தோல்தான், மிக மெல்லியது. நடுவில் நார் அடுக்கு. ஜவ்வுக்கு விறைப்பும் வலுவும் தருவது இது. உள்பக்கம், வாய்க்குள் இருப்பது போன்ற ஈரமான சவ்வு. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறுவதைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் தேவைப்படும்.

ஜவ்வுக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை. அதுதான் நடுக்காது. அதற்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று 3 குட்டி எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. சுத்தி எலும்பின் கைப்பிடி ஜவ்வோடு ஒட்டியிருக்கிறது. அங்கவடியின் அடிப்பகுதி உள்காதின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல் போகிறது. அதன் பெயர் ஊஸ்டேஷியன் குழல். கொட்டாவி விடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் இது ஒரு கணம் திறந்து, ஜவ்வின் இரு பக்கமும் காற்றழுத்தம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைத்துப் பிறகு 'பட்'டென்று திறப்பது இந்தக் குழலின் வேலை.

ஓட்டை விழுந்தால் எவ்வளவு கேட்காது?

உள்காது முழுவதும் திரவம். காற்றில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்தில் மோதினால் கிட்டத்தட்ட முழுதும் திரும்பி வெளியே போய்விடும், ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஜவ்வும் எலும்புகளும் இருக்கின்றன. ஜவ்வில் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மி.மீ. அங்கவடியின் அடிப்பகுதி 3.2 சதுர மி.மீ. மட்டுமே. பெரிய பரப்பில் வாங்கிய விசை சின்னப் பரப்பில் குவியும்போது அழுத்தம் 17 மடங்கு ஆகிறது. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பு அதை இன்னும் 1.3 மடங்கு கூட்ட, மொத்தம் 22 மடங்கு வருகிறது.

ஜவ்வில் ஓட்டை விழுந்தால் இந்தப் பெருக்கம் குறைகிறது. கேட்கும் கருவியான உள்காதுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால் சின்ன ஓட்டையில் கேட்பு லேசாக மட்டுமே குறையும், சிலர் உணரவே மாட்டார்கள். பெரிய ஓட்டை என்றால் 40 டெசிபல் வரை குறையலாம். டெசிபல் என்பது ஒலியின் அளவு. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். ஆகவே பெரிய ஓட்டை உள்ளவருக்குப் பேச்சு மெல்லக் கேட்கும், எதிரே இருப்பவர் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும். ஆனாலும் கேட்கும்.

இது இன்று நேற்று தெரிந்த விஷயம் இல்லை. லண்டனின் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், செவிப்பறை சிதைந்த ஒரு மருத்துவ மாணவர் சாதாரண உரையாடலைக் கேட்க முடிந்ததை 1800-இலேயே ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் விவரித்துவிட்டார். அதற்குப் பிறகு, குழல் அடைத்துக் காது மந்தமானவர்களுக்கு அவரே ஜவ்வில் துளை போட்டுப் பார்த்தார், சிலருக்கு உடனே கேட்டது. இன்றும் நடுக்காதில் நீர் கோத்த குழந்தைகளுக்கு மருத்துவர்கள் ஜவ்வில் துளையிட்டு, குரோமெட் என்ற சின்னக் குழாயைச் செருகுகிறார்கள். சில மாதங்களில், பொதுவாக ஒரு வருடத்துக்குள், குழாய் தானாக வெளியே வந்துவிடும், துளையும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

இதுவரை சொன்னதன் சாரம்: ஜவ்வு ஒலியைப் பெருக்கித் தருகிறது. கேட்பது உள்காது. ஜவ்வு கிழிந்தால் பெருக்கம் குறையும், செவிடாகிவிட மாட்டோம்.

எப்படியெல்லாம் கிழிகிறது?

முதலில் அறை. கன்னத்தில் விழ வேண்டிய அடி காதின் மேல் விழுந்து, உள்ளங்கை துவாரத்தை அப்படியே மூடினால், குழாய்க்குள் இருக்கும் காற்று திடீரென்று அழுந்தி ஜவ்வைக் கிழித்துவிடும். அடி பலமாக இருக்க வேண்டும் என்பதில்லை, கை பொருந்தி விழுந்தால் போதும். பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள் என்பதால் எதிரே நிற்பவரின் இடது காதுதான் அதிகம் அடிபடுகிறது. குடும்பச் சண்டையிலும், கண்டிப்பு என்ற பெயரில் பிள்ளைகளை அடிப்பதிலும் இது நடக்கிறது. பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009 தடை செய்கிறது. வீட்டில் அடிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும், காதின் மேல் கை வைப்பது எந்த வயதிலும் எந்தக் கோபத்திலும் கூடாது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அடிபட்டுக் கிழிந்த ஜவ்வு சில வாரங்களில் மூடிவிடும் என்பதால், தாக்குதலுக்கான தடயமும் அதோடு போய்விடும். புதுக் கிழிசலின் ஓரத்தில் ரத்தமும் கரடுமுரடான வடிவமும் இருக்கும், பழைய ஓட்டையின் ஓரம் வழவழப்பாக இருக்கும். முதல் ஓரிரு நாட்களில் பார்க்கும் மருத்துவரால் இதை எழுதி வைக்க முடியும். அடி வாங்கியவர் அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொன்னால், விபத்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள். "சரி, ஆறிடும்" என்று வீட்டில் இருந்துவிட்டால் பிறகு நிரூபிப்பது கடினம்.

கிணற்றில் அல்லது குளத்தில் குதிக்கும்போது தலை பக்கவாட்டில் தண்ணீரில் மோதினால் நடப்பதும் இதே கதைதான். அதோடு அழுக்குத் தண்ணீரும் உள்ளே போய்விடுவதால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

வெடிச்சத்தம் அடுத்தது. தீபாவளி சமயத்தில் கையருகே வெடித்த பட்டாசால் ஜவ்வு கிழிந்து வருபவர்கள் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை. வெடியின் அழுத்த அலை ஜவ்வோடு நிற்பதில்லை, உள்காதின் நுண்ணிய மயிர் செல்களையும் தாக்கும். ஜவ்வு மீண்டும் வளரும், அந்தச் செல்கள் வளராது. வெடிக்குப் பிறகு காதில் 'கொய்ங்' என்ற இரைச்சல் நிற்காமல் இருந்தாலோ, கேட்பு நன்றாகவே குறைந்திருந்தாலோ அன்றைக்கே அல்லது மறுநாளே மருத்துவரிடம் போக வேண்டும்.

அழுத்த வேறுபாடும் கிழிக்கும். கடும் சளியில் ஊஸ்டேஷியன் குழல் வீங்கி அடைத்திருக்கும்போது விமானம் இறங்கினால், வெளி அழுத்தம் கூடிக்கொண்டே போக உள்ளே கூடாமல் ஜவ்வு உள்நோக்கி இழுபடும். தண்ணீருக்கு அடியில் இது இன்னும் வேகமாக நடக்கும். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரு மடங்கு. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்கள் தினமும் எதிர்கொள்ளும் அழுத்தம் இது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறக்க முடியாதவர்கள் மேலும் ஆழத்துக்குப் போகக் கூடாது.

அப்புறம் நாமே குத்திக்கொள்வது. பட்ஸ், ஹேர்பின், ஊக்கு, தீக்குச்சி, பைக் சாவி என்று பட்டியல் நீளும். காதைக் குடைந்துகொண்டிருக்கும்போது குழந்தை ஓடி வந்து முழங்கையில் மோதுவதுதான் வழக்கமாகக் கேட்கும் சம்பவம். வெல்டிங் பட்டறையில் பறக்கும் தீப்பொறி காதுக்குள் விழுந்து ஜவ்வைச் சுடுவதும் உண்டு. அந்த வகைக் காயம் ஓரங்களையும் கருக்கிவிடுவதால் மற்றவற்றைப் போல எளிதில் ஆறாது.

இவை எல்லாவற்றையும் விட, குறிப்பாகக் குழந்தைகளிடம், அடிக்கடி ஜவ்வை ஓட்டையாக்குவது சளிதான். குழந்தைகளுக்கு ஊஸ்டேஷியன் குழல் குட்டையாகவும் படுக்கை வாட்டத்திலும் இருக்கும். மூக்கிலிருந்து கிருமி எளிதாக நடுக்காதுக்குப் போய்விடும். அங்கே சீழ் சேர்ந்து ஜவ்வை வெளியே தள்ளும். இரவெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழுத குழந்தை விடியற்காலையில் திடீரென்று தூங்கிவிடும், தலையணையில் ரத்தம் கலந்த சீழ் இருக்கும். பெற்றோர் பதறிப் போவார்கள். ஜவ்வு ஒரு புள்ளியில் உடைந்து அழுத்தம் இறங்கியதால்தான் வலி நின்றது. மருத்துவரிடம் காட்டித் தொற்றைக் குணப்படுத்தினால், இந்தச் சின்ன உடைப்பு பொதுவாகச் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ மூடிக்கொள்ளும். கவனிக்காமல் விட்டு, சளி பிடிக்கும்போதெல்லாம் காது ஒழுகத் தொடங்கினால் அதுவே நிரந்தர ஓட்டையாக மாறும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

கிழிந்த கணத்தில் சுரீரென்று வலிக்கும், பெரும்பாலும் சீக்கிரமே அடங்கிவிடும். காது அடைத்தது போல இருக்கும், இரைச்சல் கேட்கும், ஒரு துளி ரத்தம் வரலாம். மூக்கைச் சிந்தும்போது காது வழியாகக் காற்று 'புஸ்'ஸென்று போவதைச் சிலர் உணர்வார்கள். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்ய முடியாது, துவாரம் வளைந்து போகிறது. மருத்துவர் ஓட்டோஸ்கோப் என்ற விளக்குக் கருவியால் பார்ப்பார். இசைக்கவையைத் தட்டிக் காதருகிலும் காதுக்குப் பின்னுள்ள எலும்பிலும் வைத்து, குறைபாடு ஜவ்வோடு நிற்கிறதா, உள்காது வரை போயிருக்கிறதா என்று பிரித்துவிடுவார்.

தலை கடுமையாகச் சுற்றினாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, கேட்பு முற்றிலும் போனாலோ, தலையில் அடிபட்ட பிறகு காதிலிருந்து தண்ணீர் போலத் தெளிந்த நீர் வடிந்தாலோ காத்திருக்கக் கூடாது. அது ஜவ்வோடு நிற்கும் பிரச்சினை இல்லை.

கிழிந்தது எப்படி ஒட்டுகிறது?

எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் வியப்பானது. உடம்பில் மற்ற இடங்களில் காயம் பட்டால், அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து குழியை நிரப்பும், அதன் மேல் தோல் வந்து மூடும். ஜவ்வில் அடித்தளமே கிடையாது. முன்னாலும் காற்று, பின்னாலும் காற்று. அந்தரத்தில் இருக்கும் ஓட்டை எதைப் பிடித்துக்கொண்டு மூடும்?

விடை, அந்த வெளித்தோலின் ஒரு தனிக் குணத்தில் இருக்கிறது. மற்ற இடங்களில் இறந்த தோல் இருந்த இடத்திலேயே உதிரும். காதுத் துவாரத்தின் அடியில் உதிர்ந்தால் வெளியே போக வழியில்லை, குவிந்து அடைத்துவிடும். அதனால் ஜவ்வின் தோல் நடுவிலிருந்து ஓரத்துக்கும், அங்கிருந்து துவாரத்தின் சுவர் வழியாக வெளியேயும் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜவ்வின் மேல் மையால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தவர்கள், அது வாரக்கணக்கில் ஓரத்தை நோக்கி ஊர்ந்து போவதைக் கண்டிருக்கிறார்கள். வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.1 மி.மீ., நகம் வளரும் வேகம்தான். குறும்பியும் இப்படித்தான் தானாக வெளியே வருகிறது. குடைந்து எடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலோருக்கு இல்லை என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். குரோமெட்டை வெளியே தள்ளுவதும் இதே நகர்வுதான்.

கிழிசல் விழுந்ததும், சுத்தி எலும்பின் கைப்பிடியைச் சுற்றியும் கிழிசலின் ஓரத்திலும் தோல் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. ஏற்கனவே நகரப் பழகிய தோல் அது. ஓரத்தில் உறைந்த ரத்தத்தையும் கசிவையும் பிடித்துக்கொண்டு ஓட்டையின் குறுக்கே முன்னேறுகிறது. இங்கே முறை தலைகீழ், வெளித்தோல் முதலில் வந்து பாலம் போட, அதன் பின்னால்தான் நார் அடுக்கு வருகிறது. உள்சவ்வும் சேர்ந்து மூடுகிறது. சின்னக் கிழிசலுக்கு 2 முதல் 4 வாரம் பிடிக்கும், பெரியதற்கு 2, 3 மாதம் ஆகலாம். அடிபட்டுக் கிழிந்த ஜவ்வுகளில் 10-இல் 8 அல்லது 9 இப்படித் தானாகவே மூடிவிடுகின்றன.

சில சமயம் நடு அடுக்கு முழுமையாக வராது. அந்த இடம் மட்டும் மெல்லிசாக நின்றுவிடும். வேறு சிலருக்குச் சுண்ணாம்பு படிந்தது போல வெள்ளைத் திட்டு விழும். இரண்டுமே பெரும்பாலும் கேட்பைக் கெடுப்பதில்லை.

சுருக்கமாக: ஜவ்வின் தோல் எப்போதும் நகர்ந்துகொண்டிருப்பது. கிழிசலை மூடுவதும் அந்த நகர்வுதான். அதற்கு ஈரமும் கிருமியும் இல்லாத சில வாரங்கள் கிடைத்தால் போதும்.

அப்படியானால் சிலருக்கு ஏன் மூடுவதில்லை?

நகர்ந்து வரும் வெளித்தோல் ஓட்டையின் குறுக்கே போகாமல், ஓரத்தில் மடங்கி உள்பக்கம் திரும்பி, அங்கிருக்கும் உள்சவ்வோடு சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டு தோல்களும் சந்தித்துக்கொண்டன, இனித் திறந்த காயம் இல்லை, வளர வேண்டிய அவசியமும் இல்லை. பழகிப்போன கம்மல் துளைக்குள் நடந்திருப்பதும் இதுவே, முன்பக்கத் தோலும் பின்பக்கத் தோலும் துளைக்குள் ஒன்று சேர்ந்திருக்கின்றன.

இப்படி ஆவதற்கு முக்கியக் காரணம் தொற்று. சீழ் வடிந்துகொண்டிருந்தால் முன்னேறும் தோல் அரித்துப் போகிறது. ஓட்டை மிகப் பெரியதாக இருப்பது, சூட்டுக்காயம், ஊஸ்டேஷியன் குழல் சரியாக வேலை செய்யாதது ஆகியவையும் காரணங்கள். வழக்கமாக 3 மாதம் வரை பார்ப்பார்கள். அதற்கு மேலும் திறந்திருந்தால், தானாக மூடும் என்று நம்பிக் காத்திருப்பதில் பயன் குறைவு.

அந்தச் சில வாரங்களில்

செய்ய வேண்டியது மிகக் குறைவு, செய்யக்கூடாததுதான் அதிகம். காதுக்குள் எதுவும் போகக் கூடாது: எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால், ஹைட்ரஜன் பெராக்சைடு, பட்ஸ், எதுவும். ஜவ்வு முழுதாக இருக்கும்போது வெளியே நின்றுவிடும் எண்ணெய், ஓட்டை இருந்தால் நேரே நடுக்காதுக்குப் போகிறது. அங்கிருந்து வடிய வழியில்லாமல் கிருமிக்கு இடம் கொடுக்கிறது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை ஓட்டை வழியாக உள்காதை எட்டினால் கேட்பையும் உடல் சமநிலையையும் பாதிக்கக்கூடும். தொற்று இருந்தால் மருத்துவர் அதற்கேற்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். சீழ் இல்லாத, காய்ந்த புதுக் கிழிசலுக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தே தேவையில்லை.

தலைக்கு ஊற்றும்போது வெறும் பஞ்சு வைத்தால் அது தண்ணீரை உறிஞ்சி உள்ளே விடும். பஞ்சின் மேல் வாசலின் தடவி வைக்க வேண்டும், குளித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். நீச்சல் கூடவே கூடாது. மூக்கை அழுத்திச் சிந்தாதீர்கள், கீழிருந்து வரும் காற்று புதிதாகப் படர்ந்த தோலைப் பிய்த்துவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

ஒட்டுப் போடுவதும் அறுவை சிகிச்சையும்

காகிதத்தால் ஜவ்வுக்கு ஒட்டுப் போட முடியும் என்று 1887-இல் காட்டியவர் பாஸ்டன் நகரத்துக் காது மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக். 1874-இல் இறந்தவர் ஒருவரின் காதை, ஜவ்வும் எலும்புகளும் சேர, அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கு ஆராய்ச்சிக்காகக் கொடுத்தவரும் இவர்தான். அதன் எலும்பில் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டி, கரி படிந்த கண்ணாடியில் குரலின் அதிர்வைக் கோடாக வரைய வைத்தார் பெல். இரண்டே வருடத்தில் தொலைபேசி வந்தது. பிளேக்கின் காகித ஒட்டு சின்ன ஓட்டைகளுக்கு இன்றும் பயன்படுகிறது. காகிதம் ஓட்டையை அடைத்துக்கொண்டே இருப்பதற்காக அல்ல, தோல் பிடித்து நகர ஒரு தளம் கொடுப்பதற்காக. வேலை முடிந்ததும் அது நகர்ந்து விழுந்துவிடும்.

நாள்பட்ட ஓட்டைக்குச் செய்யும் அறுவை சிகிச்சை டிம்பனோபிளாஸ்டி. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வுல்ஸ்டைன், ட்சோல்னர் இருவரும் இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார்கள். முதல் வேலை, ஆறிப்போன ஓரத்தைச் சுற்றிலும் வெட்டி எடுத்து, பழைய ஓட்டையை மீண்டும் புதுக் காயமாக்குவது. அப்புறம் காதுக்கு மேலே உள்ள தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, ஜவ்வுக்கு அடியில் பரப்பி வைப்பார்கள். அந்தத் துண்டே ஜவ்வாக மாறிவிடுவதில்லை. அது சாரமாக நிற்க, வெட்டிய ஓரத்திலிருந்து தோல் மீண்டும் நகரத் தொடங்கி மூடுகிறது. நல்ல கைகளில் 10-இல் 8, 9 பேருக்கு இது வெற்றி. புகைபிடிப்பவர்களுக்கு வெற்றி குறைகிறது.

ஆனால் எல்லா ஓட்டையும் பொறுத்துப் பார்க்கக் கூடியதல்ல. ஜவ்வின் மேல் ஓரத்தில் குழி விழுந்து, கொஞ்சமாக ஆனால் கெட்ட நாற்றத்துடன் சீழ் வந்துகொண்டிருந்தால், வெளித்தோல் நடுக்காதுக்குள் புகுந்து உருண்டையாகத் திரள்கிறது என்று அர்த்தம் கொள்ளலாம். கொலஸ்டியடோமா என்ற இந்தத் திரள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கும், விட்டால் முக நரம்பையும் மூளையின் உறையையும் எட்டும். இதற்கு அறுவை சிகிச்சை கட்டாயம், தள்ளிப்போடக் கூடாது.

மற்றபடி, ஜவ்வின் நடுவில் காய்ந்த ஓட்டையோடு, சீழும் இல்லாமல், கேட்பும் போதுமான அளவு இருந்து, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும் முடிகிற ஒரு முதியவர் ஆபரேஷன் வேண்டாம் என்றால் அதுவும் நியாயமான முடிவுதான். கேட்பு குறைவாக இருந்தால் செவிக்கருவி போட்டுக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு முறை காதைக் காட்டி வர வேண்டும்.